சிங்க்: ஒத்திசைவா, ஒத்து ஊதுவதா?

"மொபைல்லதான் சார் அழிச்சேன். கம்ப்யூட்டர்ல இருந்தது எங்க போச்சு? இன்னா சார் இது!"

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மா கேட்டது. போனில் இடமில்லை என்று பழைய ஆர்டர் மெயில்களை அழித்தவர், குப்பைத்தொட்டியையும் காலி செய்திருக்கிறார். மேசைக் கணினியில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளை அமைத்துக் கொடுத்தவர் "சிங்க் போட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவர் அதை 'பத்திரமா இருக்கு' என்று புரிந்துகொண்டார். தப்பு அவர்மேல் இல்லை, சொல்லின்மேல்.

சிங்க் என்பது சிங்க்ரனைஸ் என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் 'சுன்' என்றால் உடன், 'க்ரோனொஸ்' என்றால் காலம். ஒரே காலத்தில் நடப்பது என்று பொருள். இரண்டு கடிகாரங்களுக்கும், சினிமாவில் உதட்டசைவுக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். மெயிலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ராத்திரி வந்த மெயிலை, அணைத்து வைத்த கணினி காலையில்தான் பார்க்கிறது. ஒன்றாக வேண்டியது நேரம் அல்ல, இரண்டு பக்கத்துச் சரக்கு.

தமிழில் 'ஒத்திசைவு' என்கிறோம். இசை என்றதும் பாட்டு நினைவுக்கு வரும். ஆனால் இசைதல் என்றால் பொருந்துதல், சம்மதித்தல் என்றும் பொருள். இசைவு என்பதே சம்மதம்தான். ஆக, இரு பக்கமும் ஒத்துப் பொருந்துவது ஒத்திசைவு. காலத்தைப் பிடித்துத் தொங்கும் மூலச்சொல்லைவிட மெயிலுக்கு இதுதான் நெருக்கம் என்பேன்.

பேச்சில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: ஒத்துப் பார்த்தல். பேங்க் பாஸ்புக்கையும் கணக்கு நோட்டையும் பக்கத்தில் வைத்து அந்த அம்மா மாதாமாதம் செய்வது அதுதான். ஐமேப் என்பது மெயிலைக் கணினிக்கும் போனுக்கும் கொண்டுவரும் ஒரு முறை. அதில் மெயில் மென்பொருள் செய்வதும் அதுவே. வழங்கி, அதாவது சர்வர், ஒவ்வொரு கோப்புறையிலும், அதாவது ஃபோல்டரிலும், உள்ள மெயிலுக்கு ஓர் எண் கொடுக்கிறது. கணினி தன்னிடம் கடைசியாக உள்ள எண்ணைச் சொல்லி, 'இதற்கு மேல் என்ன வந்தது' என்று கேட்கிறது. பழையவற்றில் எது படித்தது, எது பதில் போட்டது, எது அழிந்தது என்று அடையாளங்களையும் சரிபார்க்கிறது. வழங்கியில் இல்லாதது கணினியிலும் போய்விடும். கணக்கர் இரண்டு நோட்டிலும் வித்தியாசம் வந்தால் காரணம் தேடுவார். மென்பொருள் தேடாது, வழங்கி சொன்னதே சரி.

இங்கேதான் நாதஸ்வரக் கச்சேரியின் 'ஒத்து' ஞாபகம் வருகிறது. ராகம் வாசிக்காமல் ஒரே சுருதியை விடாமல் ஊதும் குழல் அது. இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டிதான். 'அவன் எதுக்கும் ஒத்து ஊதுவான்' என்ற வசவும் அங்கிருந்து வந்ததே. அழித்தலுக்கும் ஒத்து ஊதும் மென்பொருளை நம்பி யாராவது ஆவணம் வைப்பார்களா?

ஐமேப்பை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தார். மெயில் வழங்கியிலேயே இருக்க, பல இடங்களிலிருந்து பார்க்கலாம் என்பதே நோக்கம். மெயில் எடுக்கும் இன்னொரு முறையான பாப் வேறு. இன்பாக்ஸை மட்டும் அள்ளிக்கொண்டு வரும், மற்ற கோப்புறைகள் அதற்குத் தெரியாது.

கோப்புறைகள் காணவில்லை என்று வேலூரில் என்னிடம் வரும் புகார்களில் பாதி, 'சப்ஸ்கிரைப்' என்ற இன்னொரு சொல்லால் வருபவை. இதைச் 'சந்தா' என்று தமிழாக்கினால் காசு கட்டவேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். நம் ஊரில் சந்தா என்றால் திருவிழா வசூலும்தானே. ஐமேப்பில் இது, எந்தெந்தக் கோப்புறையைக் காட்டவேண்டும் என்று குறித்து வைப்பது மட்டுமே. 'தேர்ந்த கோப்புறைகள்' என்றாலே போதும். தண்டர்பேர்டில் மெயில் கணக்கின்மேல் வலது கிளிக் செய்து, சப்ஸ்கிரைப் திறந்து, வேண்டியதில் டிக் அடித்தால் வந்துவிடும். எல்லாக் கோப்புறையின் மெயிலும் இணையம் இல்லாதபோதும் வேண்டுமென்றால், அக்கவுண்ட் செட்டிங்ஸில் சிங்க்ரனைசேஷன் பக்கத்தில் தனியாக ஒரு டிக் உண்டு.

ராணிப்பேட்டையில் அழிந்த ஆர்டர்களை வாங்குபவரிடமே கேட்டுத் திரும்ப வாங்கினார்கள். இப்போது அந்த அம்மா முக்கியமான மெயில்களை, வழங்கியோடு சேராமல் கணினியில் மட்டும் இருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகல் எடுத்துவிடுகிறார், பென்டிரைவிலும் ஒன்று. அந்த இடத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர், "ஒத்துப் பாக்காத ஃபோல்டர்."