வேலண்டில் சொந்தமாக ஒரு விண்டோ மேனேஜர்

லினக்ஸில் ஒரு டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலைத் திறக்கிறோம். திரையில் அது எங்கே, எந்த அளவில் வந்து உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதுதான் விண்டோ மேனேஜரின் வேலை. செயலிகளின் ஜன்னல்களைத் திரையில் காட்டுவதற்காக 1987-இல் வந்த எக்ஸ்11 என்ற அமைப்பில் இது ஒரு தனி நிரல். திரையை ஆள்வது எக்ஸ் சர்வர், விண்டோ மேனேஜர் பக்கத்தில் இருந்துகொண்டு "இந்த ஜன்னலை இங்கே வை" என்று அதற்குச் சொல்லும். அதனால்தான் டிடபிள்யூஎம் போன்ற ஒரு விண்டோ மேனேஜரை 2000 வரிக்குள் எழுத முடிந்தது.

எக்ஸ்11-க்கு மாற்றாக 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டில் இந்தப் பிரிவினை கிடையாது. திரைக்குப் படம் அனுப்புவது, கீபோர்டையும் மவுஸையும் கவனிப்பது, ஜன்னல்களை அடுக்குவது எல்லாம் கம்போசிட்டர் என்கிற ஒரே நிரலின் தலையில்தான் விழும். அந்த நிரல் செயலிழந்தால் திறந்திருக்கும் செயலிகளும் பெரும்பாலும் கூடவே போய்விடும். இதைப் படித்துவிட்டு, இது தனி ஆள் செய்கிற காரியம் இல்லை என்று நான் ரொம்ப நாள் ஒதுங்கியே இருந்தேன். ஆனால் கஷ்டமான அடித்தள வேலைகளையெல்லாம் டபிள்யூஎல்ரூட்ஸ் என்ற நூலகம் பார்த்துக்கொள்கிறது. ஸ்வே கம்போசிட்டரை எழுதியவர்கள் உருவாக்கியது அது. அதோடு டைனிடபிள்யூஎல் என்று ஒரு மாதிரி நிரலும் வருகிறது, ஒரே சி கோப்பு, சுமார் 1000 வரி. அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு மாற்ற ஆரம்பிப்பதுதான் நல்ல வழி.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கம்போசிட்டர் ஜன்னலுக்குள் எதையும் வரைவதில்லை. செயலியே தன் படத்தை நினைவகத்தில் வரைந்து வைக்கிறது. 1920க்கு 1080 திரையை முழுசாக நிரப்பும் ஜன்னல் என்றால், ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் கிட்டத்தட்ட 8.3 எம்பி. அந்த இடத்தைக் கம்போசிட்டருக்குக் காட்டி "கமிட்", அதாவது "இதை எடுத்துக்கொள்" என்று சொல்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் படத்தோடு வந்துவிட முடியாது. செயலி முதலில் வெறும் கமிட் ஒன்றை அனுப்பும், நாம் "உன் அளவு இவ்வளவு" என்று ஒரு வரிசை எண்ணோடு பதில் சொல்ல வேண்டும், அது அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி ஒப்புக்கொண்ட பிறகுதான் படம் வரும். நாம் பதில் சொல்லாவிட்டால் ஜன்னல் வரவே வராது, பிழைச் செய்தியும் இருக்காது.

இன்னொன்று, திரையில் ஒரு பிரேம், அதாவது ஒரு முழுப் படம், போய்ச் சேர்ந்ததும் "அடுத்ததை வரையலாம்" என்று செயலிக்குச் சொல்ல வேண்டும். என் முதல் பதிப்பில் இந்த ஒரு வரி விட்டுப்போயிற்று. டெர்மினல் அழகாகத் திறந்தது, தட்டினால் ஒரு எழுத்துகூட வரவில்லை. கீபோர்டில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அங்கேயே தேடினேன். எழுத்துகள் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தன, டெர்மினல்தான் வரைய அனுமதி கேட்டுக் காத்திருந்தது.

இதெல்லாம் சரியானதும் நமக்கே நமக்கான பகுதி வரும், ஜன்னல்களை அடுக்குவது. எனக்கு இடப்பக்கம் ஒரு பெரிய ஜன்னல், மற்றவை வலப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்று. அகலத்தில் 55 சதவீதம், அதாவது 1056 புள்ளி, பெரியதற்கு. மீதி 864-இல் மற்றவை. வலப்பக்கம் ஏழு ஜன்னல் இருந்தால்? 1080-ஐ ஏழால் வகுத்தால் 154, மீதி 2. அந்த 2 புள்ளி உயரத்துக்குத் திரையின் அடியில் பின்னணி கோடு மாதிரி எட்டிப் பார்க்கும், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். மொத்தத்தை ஒரே தடவை வகுக்காமல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் மிச்சமுள்ள உயரத்தை மிச்சமுள்ள ஜன்னல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தீர்ந்தது. ஐந்து ஜன்னலுக்கு 154, கடைசி இரண்டுக்கு 155. ஒரு புள்ளிகூட மிஞ்சாது. இவ்வளவு சின்னக் கணக்கு ஒரு திரையையே ஒழுங்குபடுத்துவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆரம்பத்தில் இதை உங்கள் வழக்கமான டெஸ்க்டாப்புக்குள்ளேயே ஒரு ஜன்னலாக ஓட்டிப் பாருங்கள். அந்த வசதியை நூலகமே தருகிறது, தப்பு நடந்தால் மூடிவிட்டு மறுபடி ஓட்டலாம். டெஸ்க்டாப் இல்லாத வெறும் எழுத்துத் திரையான டிடிஒய்யில் நேரடியாக ஓட்டும்போது கீபோர்டு முழுக்க உங்கள் நிரலின் கையில் இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி வேறு டிடிஒய்க்குத் தாவுவதைக்கூட நீங்கள்தான் எழுத வேண்டும். அது எழுதாமல் நான் ஒருமுறை ஓட்டிவிட்டு, கடைசியில் போனிலிருந்து எஸ்எஸ்ஹெச் (வேறு கருவியிலிருந்து நெட்வொர்க் மூலம் கணினிக்குள் நுழையும் வழி) வழியாக உள்ளே போய்த்தான் நிரலை நிறுத்தினேன். டைனிடபிள்யூஎல்லில் ஆல்ட், எஸ்கேப் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். வேறு எதை மாற்றினாலும் அந்த வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.