ஒரு போட்டோவுக்கு எதுக்குங்க அஞ்சு கோட்டிங்?

"கையால கம் பிரிண்ட் (மரப்பிசின்ல கலர் கலந்து பூசிப் போடுற பழைய காலத்து போட்டோ) போடுறவங்க ஒரே பேப்பர்ல திரும்பத் திரும்ப பூசி, திரும்பத் திரும்ப வெளிச்சம் காட்டுறாங்களே, ஒரு தடவ ஒழுங்கா பண்ணா பத்தாதா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பத்தாதுங்க.

சாமான் மூணுதான்: வேல மரத்துப் பிசின், வாட்டர் கலர், டைக்ரோமேட் உப்பு. கலந்து பூசி, காயவச்சு, மேல நெகட்டிவ் வச்சு புற ஊதா ஒளி காட்டணும். ஒளி பட்ட இடத்துல டைக்ரோமேட்ல இருக்குற குரோமியம் ஆறு வேலன்ஸ்ல (மத்த அணுக்களோட சேர்ற திறன்) இருந்து மூணுக்கு இறங்கி, பிசினோட நீள மூலக்கூறுகள ஒண்ணோட ஒண்ணு கோத்து விட்டுரும், அப்புறம் தண்ணில கரையாது. மத்தது கழுவுனா போயிரும். 1858லயே ஜான் பவுன்சி இப்படிப் போட்டுக் காட்டிட்டார்.

இப்பதான் எனக்குப் புடிச்ச எடம். ஒளி மேல இருந்து வருதுல்ல, அதனால பிசினும் மேல இருந்துதான் இறுகும். கறுப்பா வரவேண்டிய எடத்துல ஒளி நிறைய, அடி வரைக்கும் இறுகி பேப்பர கெட்டியா புடிச்சுக்கும். கன்னம், மேகம் மாதிரி வெளிறுன எடத்துல ஒளி கொஞ்சம்தான், மேல்தோல் மட்டும் இறுகும், பெயிண்ட் டப்பால காஞ்சு நிக்கிற ஏடு மாதிரி. தண்ணில போட்டா அடில இருக்குறது கரைஞ்சு, கரையாத அந்த ஏடும் சேர்ந்து கழண்டு மிதந்துரும்! அரை மணி நேரம் கழிச்சு டிரேல கவுத்துப் போட்டத தூக்கிப் பாத்தா தலைமுடி இருக்கும், நெத்தி இருக்காது.

அதான் ரெண்டாவது கோட்டிங். கலர் கம்மியா போட்டு ரொம்ப நேரம் காட்டுனா வெளிர் டோன் அடி வரைக்கும் இறுகி நிக்கும் (கலரே ஒளிய மறிக்கும், அதான் கம்மி), கலர் தூக்கலா போட்டு சீக்கிரம் எடுத்தா கறுப்பு மட்டும். 1864ல ஜோசப் ஸ்வான், ஆமா மின்சார பல்பு செஞ்ச அந்த ஸ்வானேதான், லேயரயே வேற பேப்பர்ல கவுத்து ஒட்டி, ஒளி படாத பின்பக்கத்துல இருந்து கழுவுனார், ஒரே லேயர்ல எல்லா டோனும் தங்கிருச்சு. என்ன மூளை பாருங்க!

கலர் படம்னா நீலம், மெஜந்தா, மஞ்சள்னு தனித்தனி நெகட்டிவ், ஒவ்வொண்ணுக்கும் தனி கோட்டிங். ஒவ்வொரு தடவ கழுவும்போதும் பேப்பர் சுருங்குனா அடுத்த நெகட்டிவ் சரியா பொருந்தாது, அதனால பேப்பர மொதல்லயே சுடுதண்ணில ஊறவச்சு சுருக்கிரணும், நான் சோம்பேறித்தனமா விட்டதுல மூக்குக்கு ரெண்டு நுனி வந்துச்சு.

இத 'கெமிக்கல் இல்லாத பழைய முறை'ன்னு சொல்றவங்களக் கண்டா கடுப்பா வருது. டைக்ரோமேட் புற்றுநோய் வரவைக்கிற சரக்குங்க, கிளவுஸ் இல்லாம தொடாதீங்க, கழுவுன தண்ணிய சாக்கடைல ஊத்தாதீங்க.