ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, மூளையில் ஏன் புள்ளிகள்?

"சார், அப்பாவுக்கு மறுபடியும் ஸ்ட்ரோக் வந்திருச்சா?" என்று ஒரு மகள் கேட்டார். அப்பா பக்கத்துக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருக்கிறார். கழுத்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல், வைத்து இரண்டு நாள்தான் ஆகிறது, பேச்சு, நடை, கைப்பிடி எதிலும் குறையில்லை. ஆனால் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் புதிதாகச் சில சின்ன இன்ஃபார்க்ட், அதாவது ரத்தம் போகாமல் பாதிக்கப்பட்ட புள்ளிகள், என்று எழுதியிருந்தது, அந்த வார்த்தையை மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டார். இப்படி வரலாம் என்று சிகிச்சைக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்புதான்.

விஷயம் இதுதான். தாடைக்குக் கீழே கரோட்டிட் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைப்பு உண்டாகிறது. பழைய குடிநீர்க் குழாய்க்குள் கம்பி விட்டால் முதலில் கலங்கல் தண்ணீர் வருமே, அதே கதைதான் இங்கேயும். மெல்லிய கம்பி அடைப்பைத் தாண்டும்போது, ஸ்டென்ட் விரியும்போது, பலூனை ஊதும்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் பிய்ந்து ரத்தத்தோடு மேலே போய் மூளையின் நுனிக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அங்கே ரத்தம் போகாத செல்கள் வீங்கும், செல்களைச் சுற்றியுள்ள தண்ணீர் நகர முடியாமல் நிற்கும். அந்தத் தேக்கத்தைத்தான் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ பளிச்சென்று வெள்ளையாகக் காட்டுகிறது. சில சமயம் ஸ்டென்ட் வைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் புள்ளி தெரியும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தொடை வழியாகப் போகும் கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் இதயத்துக்கு மேலே உள்ள மகாதமனி வளைவைக் கடந்துதான் கழுத்துக்கு வருகிறது, அங்கே உரசினால் துணுக்கு எந்தப் பக்கமும் போகலாம்.

இது அபூர்வமாக நடப்பது இல்லை. ஸ்டென்ட்டையும் கழுத்து அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்ட ஐசிஎஸ்எஸ் என்ற பன்னாட்டு ஆய்வின் எம்ஆர்ஐ பகுதி 2010இல் வெளிவந்தது. ஸ்டென்ட் வைத்த 124 பேரில் 62 பேருக்கு, அதாவது சரிபாதிப் பேருக்குப் புதுப் புள்ளிகள். கழுத்தைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சை செய்த 107 பேரில் 18 பேருக்குத்தான். பெரும்பாலானவர்களுக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தபோது தழும்பாகத் தங்கியது ஸ்டென்ட் பிரிவில் மூன்றில் ஒருவருக்கு, அறுவை சிகிச்சைப் பிரிவில் 8 சதவீதம் பேருக்கு.

"அறிகுறி இல்லையா, அப்படியானால் விடுங்கள்" என்று நாங்களும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம், அது வசதியாகவும் இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே ஆய்வில் ஸ்டென்ட் வைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, புள்ளிகள் வந்தவர்களில் 5 வருடத்தில் பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தது 22.8 சதவீதம் பேருக்கு, புள்ளி வராதவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு. புள்ளிதான் அதற்குக் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த ஆளின் ரத்தக்குழாய்கள் மொத்தமாகவே எளிதில் உதிரும் நிலையில் இருக்கின்றன என்பதற்கான அடையாளமாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

"வடிகட்டி வைத்துத்தானே செய்கிறீர்கள்?" என்று சிலர் விவரமாகக் கேட்பார்கள். வைக்கிறோம், அடைப்புக்கு மேலே குட்டிக் குடை போல விரியும். ஆனால் ஐசிஎஸ்எஸ்ஸில் இப்படிப் பாதுகாப்புக் கருவி வைப்பதை வழக்கமாகக் கொண்ட மையங்களில்தான் புள்ளிகள் அதிகம், 73 சதவீதம். மற்ற மையங்களில் 34. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது அல்ல என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் குடையை விரிக்க முதலில் அடைப்பைத் தாண்டியாக வேண்டும், அதன் கண்ணிகளை விடப் பொடியான துணுக்குகள் தப்பித்துவிடும் என்பது யோசித்தால் புரியும். அடைப்புக்குக் கீழேயே பலூனால் ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு வேலை செய்யும் முறையும் உண்டு. 2012இல் வந்த, 62 பேர் மட்டுமே இருந்த ஒரு சின்ன ஆய்வில் அந்த முறையில் 45 சதவீதம் பேருக்கும், வடிகட்டி முறையில் 87 சதவீதம் பேருக்கும் புள்ளிகள் வந்தன.

அப்படியானால் ஸ்டென்ட்டே வேண்டாமா? அப்படி இல்லை. 2502 பேரை வைத்து நடந்த கிரெஸ்ட் ஆய்வில் 4 வருடக் கணக்கில் இரண்டு சிகிச்சைகளுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்டென்ட்டில் பக்கவாதம் கொஞ்சம் கூடுதல், அறுவை சிகிச்சையில் மாரடைப்பு கொஞ்சம் கூடுதல். வயது 70ஐத் தாண்டியவர்களுக்கு, குழாய் நெளிந்து வளைந்து கிடப்பவர்களுக்கு, பொதுவாக அறுவை சிகிச்சையே மேல். இதயம் பலவீனமானவர்கள், கழுத்தில் முன்பே கதிர்வீச்சு எடுத்தவர்கள் என்றால் ஸ்டென்ட் பக்கம் சாய்வோம். எது செய்தாலும் ஏன் அதைச் செய்கிறீர்கள் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குப் போன பிறகு நான் அதிகம் பயப்படுவது மாத்திரை நிறுத்தத்துக்குத்தான். ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோப்பிடோக்ரெலும் சேர்ந்து குறைந்தது ஒரு மாதம், அப்புறம் பெரும்பாலும் ஒன்று மட்டும் ஆயுசுக்கும். பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள் என்று தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு போன் செய்துவிட்டு நிறுத்தினால் என்ன? ஸ்டென்ட் வைத்த பக்கம் மட்டும் கடுமையான தலைவலி, கூடவே பிரஷர் எகிறுவது, வலிப்பு என்றால் காத்திருக்காமல் வந்துவிடுங்கள், அடைப்பு திறந்தபின் ரத்தம் வேகமாகப் பாய்வதால் மூளை வீங்கவோ அதில் ரத்தம் கசியவோ செய்யலாம். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அப்பாவுக்கு ஒரு மாதம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுத்தோம். ஐந்து புள்ளிகளில் மூன்று இல்லை, இரண்டு தழும்பாக நின்றன. இந்த முறை ரிப்போர்ட் கைக்குப் போகும் முன்பே திரையில் படத்தை வைத்து இரண்டு பேருக்கும் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "பீடியை விட்டு ஒரு மாசம் ஆச்சு சார்" என்றார். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.