கண்ணுக்கு எட்டாத பிடரி: தன் தலையைத் தானே மழிப்பவர்களுக்கு

பழனியில் மொட்டை போட்டுக்கொள்ளும்போது தலை மட்டுமே நம்முடையது. கண்ணும் கையும் முடியெடுப்பவருடையவை. அவர் நம் பிடரியையும் உச்சியையும் நேராகப் பார்த்துக் கத்தியை நகர்த்துகிறார். வீட்டுக் குளியலறையில் நம் தலையை நாமே மழிக்கும்போது அந்தக் கண் இல்லாமற்போகிறது என்பதைப் பலர் முதல் வெட்டு விழும்வரை எண்ணிப் பார்ப்பதில்லை. உதகையில் தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம், வழுக்கை பாதியில் நிற்பதைவிட முழுவதுமாக எடுத்துவிடுவதே மேல் என்று முடிவு செய்து, இணையத்தில் வாங்கிய ரேசரால் காயப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறான கருவியை வாங்கியவர்கள் அல்லர்; கருவியைக் கையில் எடுக்கும் முன் தங்கள் தலையைத் தடவி அறியாதவர்கள்.

முகத்துக்கான ரேசர், நீண்ட பிடியுடன், கண்ணாடியைப் பார்த்து இழுப்பதற்காக அமைந்தது. பின்னந்தலைக்குக் கொண்டுபோனால் மணிக்கட்டு திருகிக்கொள்ளும், பிளேடு எந்தக் கோணத்தில் படுகிறது என்பதும் தெரியாது. தலைக்கென்றே வந்த ரேசர்களில் பிடி இருக்காது. ஹெட்பிளேடு போன்றவற்றில் வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டால் பிளேடு உள்ளங்கைக்குக் கீழே வந்து அமர்கிறது. விரல் போகும் இடத்துக்கு அதுவும் போகும். இது உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு. ஆனால் பிடி இல்லாததால் கையின் எடை முழுவதும் பிளேடின் மேல் இறங்கக்கூடும் என்பதால், புதிதாகப் பழகுகிறவர் தம்மையறியாமல் அழுத்திவிடுகிறார். வட்டத் தலைகள் கொண்ட மின்சார ஷேவர் அவ்வளவு வழவழப்பைத் தராது, வெட்டுக்காயமும் அரிது. முதல் சில மாதங்களுக்கு அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

எந்தக் கருவியானாலும் தொடக்கம் டிரிம்மரில்தான். முடியை ஒட்ட வெட்டிவிட்டு, உலர்ந்த தலையை இரு கைகளாலும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பின்னந்தலையின் நடுவில் எலும்பு சற்றே புடைத்திருக்கும். காதுகளுக்குப் பின்னால் ஒரு மேடும் அதையொட்டிப் பள்ளமும் தட்டுப்படும். நான் பார்க்கும் காயங்களில் பெரும்பாலானவை இந்த மேடுகளில்தான். மச்சமோ மருவோ இருந்தால் வீட்டில் ஒருவரைக் கைப்பேசியில் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். மருவின் மேல் பிளேடு ஓடினால் அதிலுள்ள வைரஸ் கீறல்களின் வழியே பரவி, வரிசையாகப் புது மருக்கள் முளைக்கும். உச்சியில் சுழி எங்கே இருக்கிறது, முடி எப்பக்கம் சாய்கிறது என்பதையும் விரலே சொல்லும்: வழுக்கிக்கொண்டு போனால் முடி வளரும் திசை, சொரசொரத்தால் எதிர்த்திசை. இரட்டைச் சுழி உள்ளவர்களுக்கும், பிடரியில் முடி பக்கவாட்டில் வளர்கிறவர்களுக்கும் இந்தத் தடவல் இல்லாமல் ஒன்றும் புரியாது.

மலையில் இன்னொரு சிக்கல், குளிர். சனவரிக் காலையில் நடுங்கிக்கொண்டே மழித்தால் பிடரித் தோல் புல்லரித்து முடிக்கால்கள் மேலெழும்பி நிற்கும். பிளேடு அவற்றின் நுனியைச் சீவிவிடும். ஆகவே வெந்நீரில் குளித்து முடித்த உடனே, கதவைச் சாத்திய அறையில், முடி நன்றாக ஊறியிருக்கும்போது சவர நுரையைத் தடவித் தொடங்குங்கள். பக்கங்களில் ஆரம்பித்து, உச்சிக்குப் போய், பிடரியைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் அங்குள்ள முடியும் இளகியிருக்கும். முடி வளரும் திசையிலேயே, சிறு சிறு இழுப்புகளாக, ஒரே முறை போதும். முட்டையோடு போல வழவழக்க வேண்டும் என்று எதிர்த்திசையில் மறுபடி மறுபடி இழுப்பதுதான் என் அறைக்கு ஆட்களை அனுப்பிவைக்கிறது. அளவுக்கு மீறி ஒட்ட வெட்டிய சுருள்முடி, வளரும்போது தோலுக்குள்ளேயே வளைந்து குத்திப் பருக்களை உண்டாக்குகிறது. கோத்தகிரிப் பக்கத்து ஓட்டுநர் ஒருவரின் பிடரியில், கம்பளிச் சட்டையின் கழுத்துப்பட்டை உரசும் கோட்டிலேயே, மிளகளவு கெட்டிக் கட்டிகள் வரிசையாக இருந்தன. அப்படிக் கெட்டிப்பட்டுத் தழும்பாகிவிட்டால் களிம்பால் எளிதில் கரைவதில்லை. அவர் பிடரியில் பிளேடு வைப்பதை நிறுத்திய பிறகே புதியவை வருவது நின்றது.

வெட்டிக்கொண்டால் பதற வேண்டாம். தலைத்தோலின் இரத்தக் குழாய்கள் உறுதியான திசுவில் பதிந்திருப்பதால் எளிதில் சுருங்குவதில்லை. சிறு காயமும் மிகுதியாக இரத்தம் சிந்தும். சுத்தமான துணியால், எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். படிகாரம் வைக்கலாம், ஆனால் அது உங்களுடையதாக மட்டுமே இருக்க வேண்டும். ரேசருக்கும் அதே விதிதான்: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள்களாவது உயிர்ப்போடு இருக்கும் என்பதால், அண்ணன் தம்பியானாலும் விடுதி நண்பனானாலும் பிளேடைப் பகிரக் கூடாது.

மழித்த தலைக்கு வெயில் புதிது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது; 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் உடம்புக்குக் குளிராக இருப்பதால் தோல் கருகுவது உறைப்பதில்லை, மெல்லிய மூடுபனியும் அதை முழுவதுமாகத் தடுப்பதில்லை. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனோ தொப்பியோ வேண்டும். மழித்த அன்றே கம்பளிக் குல்லாவை நேராகப் போடாமல், உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அரிப்பும் வேர்க்கால் அழற்சியும் வரும்.

சிலருக்கு ரேசரே வேண்டாம் என்பேன். தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கீறல் விழுந்த இடத்திலேயே புதிய திட்டுகள் தோன்றலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு வெட்டு எளிதில் நிற்காது. புற்றுநோய்க்கான கீமோதெரபியில் முடி கொட்டத் தொடங்கியதும் முழுவதையும் எடுத்துவிட விரும்புகிறவர்கள், இரத்தத் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறைந்திருக்கும் அந்த வாரங்களில், தோலைத் தொடாமல் சற்று மேலேயே வெட்டும் கிளிப்பரால் எடுத்துக்கொள்ளட்டும்.