வெய்லாய்: எதிர்காலத்துக்குள் ஒரு கோதுமைச் செடி

சீன மொழியில் எதிர்காலத்தை ‘வெய்லாய்’ என்பார்கள். ‘வெய்’ என்றால் ‘இன்னும் இல்லை’. ‘லாய்’ என்றால் ‘வருதல்’. இன்னும் வராதது. நம் ‘வருங்கால’த்துக்கு நெருங்கிய சொல். வெய்யின் குரல் மேலிருந்து சரியும், லாயின் குரல் மேலேறும். இதைத் தவறவிட்டால் கேட்பவருக்கு வேறு சொல்லாகிவிடும்.

பொருள் எளிது, எழுத்துகளின் பிறப்புதான் ஏமாற்றும். ‘லாய்’ எழுத்தின் மரபு வடிவத்தில் 8 கோடுகள்: நடுவில் மரம் போன்ற உறுப்பு (எழுத்தின் ஒரு பகுதி), அதன் இருபுறமும் மனிதனைக் குறிக்கும் உறுப்பு. ‘மரத்தடிக்கு இருவர் வருகிறார்கள்’ என்று கதை கட்டத் தோன்றும். 1716இல் வெளியான காங்ஷி அகராதியும் இதை மனிதனைக் குறிக்கும் உறுப்பின் கீழ்தான் வைத்திருக்கிறது. ஆனால் அது சொல்லைத் தேடி எடுப்பதற்கான வரிசை மட்டுமே. எழுத்தின் வேரைச் சொல்வதில்லை.

வேரைக் காட்டுபவை சீனாவின் ஆன்யாங் நகரில் கிடைத்த, சுமார் 3,000 ஆண்டுப் பழைமையான குறி எலும்புகள்: குறி கேட்பதற்காக எழுத்துகள் பொறிக்கப்பட்ட எலும்புகள். அவற்றில் இந்த எழுத்து ஒரு கோதுமைச் செடி. அந்த ‘மனிதர்கள்’ அதன் பக்கவாட்டு இலைகள். வருதலைப் படமாக வரைவது கடினம். கோதுமையின் பெயர் அன்று ஒலியில் அதற்கு நெருங்கியிருந்ததால் படத்தைக் கடன் வாங்கினார்கள். கோதுமைக்கு, அதே செடியின் அடியில் ஒரு பாதம் சேர்ந்த எழுத்து நிலைத்தது. பாதம் நடையைக் குறிப்பது. எனவே பாதம் சேர்ந்த எழுத்துதான் முதலில் ‘வருதலு’க்கு உரியது, பின்னாளில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

பொ.ஆ. 100இல் அகராதி தொகுத்த சூ ஷென் கோதுமையைச் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் அது வானிலிருந்து வந்த தானியம், அதனால்தான் ‘வருதல்’ என்று விளக்கினார். குறி எலும்புகள் அறிஞர் கண்ணில் பட்டதே 1899இல்தான். சூ ஷென்னைக் குறை சொல்ல முடியாது.

‘வெய்’யும் கடன்தான்: கிளை அடர்ந்த ஒரு மரம். இதோடு வாயைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் ‘சுவை’, பெண்ணைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் ‘தங்கை’. இரண்டிலும் மரம் ஒலியை மட்டுமே தருகிறது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பொருளுறுப்பும் ஒலியுறுப்பும் சேர்ந்தவை. எனவே எல்லா உறுப்பிலும் பொருள் தேடுவது வீண். எளிமையாக்கப்பட்ட வடிவத்தை வைத்து வேர் தேடுவதும் அப்படியே. இன்றைய ‘லாய்’யில் இலைகள் இரண்டு புள்ளிகளாகச் சுருங்கிவிட்டன.

வெய்யை எழுதும்போது மேலே குட்டைக் கிடைக்கோடு, அதன் கீழே நீளமானது, பிறகு செங்குத்துக் கோடு, கடைசியில் இடச் சாய்வும் வலச் சாய்வும். மேற்கோடு நீண்டுவிட்டால் அது ‘மோ’: நுனி, முடிவு.