ஐந்து ஓட்டை ஒன்றாகச் சேர்ந்தால் நம்பலாமா?

திருவையாற்றில் எங்கள் பழைய வீட்டுக்கு ஒரு வசதி உண்டு. ரேழியில் நின்றால் கூடம், தாழ்வாரம் தாண்டி கொல்லைக் கதவு வரை நேர்கோட்டில் தெரியும். நாடா பிடித்தால் 10 மீட்டர் தாராளமாக வரும். அழுத்தக் காற்றால் சுடும் ஏர் பிஸ்டல் போட்டிக்கும் அதே தூரம்தான். அண்ணன் மகள் பழகுவது அங்கேதான். கொல்லைக் கதவைத் தாழிட்டு, அதன் முன்னால் குண்டைத் தாங்கும் இரும்புப் பெட்டியை வைத்து, அட்டையைச் செருகிவிட்டால் வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் நடமாடக் கூடாது. அண்ணிக்கு அதில்தான் கோபம்.

போன மாதம் அதற்கான ஈயக் குண்டு, அதாவது பெல்லட், ஒரு புது டின் வாங்கினோம். கை நடுக்கம் கலக்காமல் பார்க்கலாம் என்று பிஸ்டலைப் பட்டறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பூட்டினோம். வைஸின் தாடையில் பழைய சைக்கிள் டியூப், பெஞ்சு அசையாமலிருக்க மேலே ஒரு நெல் மூட்டை. ஐந்து சுட்டோம். ஐந்தும் சேர்ந்து கொண்டைக்கடலை அளவில் ஒரே ஓட்டை. “சித்தப்பா, இதையே பத்து டின் வாங்கிடலாம்” என்றாள். நானும் யோசிக்காமல் பணம் கட்டிவிட்டேன். பத்து டின்னும் வந்தது. ஒன்றைப் பிரித்து அதே வைஸில் ஐந்து சுட்டால், ஓட்டை புளியங்கொட்டை அளவுக்கு நீண்டுவிட்டது.

குற்றவாளி பெல்லட்டா, எங்கள் கணக்கா?

முதலில் பெல்லட். 4.5 மி.மீ. ஈயக் குண்டு என்று சொன்னாலும் அது உருண்டை இல்லை, குட்டி உடுக்கை. இடை சிறுத்து, முன்னால் தட்டைத் தலை, பின்னால் உள்ளே குடைந்த பாவாடை. அழுத்தக் காற்று தள்ளும்போது மெல்லிய பாவாடை விரிந்து குழலோடு ஒட்டி, காற்று ஒழுகாமல் அடைக்கும். குழலுக்குள் திருகலாக வெட்டியிருக்கும் வரிகள் அதைச் சுழற்றிவிடும். தட்டைத் தலை அட்டையைக் கிழிக்காமல், காகிதத்தில் பஞ்ச் மெஷின் ஓட்டை போடுகிற மாதிரி வட்டமாக வெட்டும். போட்டிப் பெல்லட்டுகளில் தலையின் விட்டத்தை 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாகப் பிரித்து விற்கிறார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு குழலுக்குக் கச்சிதமாக உட்காருவது பக்கத்து பிஸ்டலில் லொடலொடக்கலாம். அச்சு தேயத் தேய ஒரே கம்பெனி, ஒரே எண் என்றாலும் லாட்டுக்கு லாட், அதாவது ஒரு தடவை தயாரித்த தொகுதிக்கும் அடுத்ததற்கும், கொஞ்சம் மாறும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் போட்டியாளர்கள் நிஜத் தோட்டாவையே வீட்டில் நிரப்பிக்கொள்கிறார்கள். பித்தளைக் கூடு, தீப்பற்ற வைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு என்று நான்கும் சேர்ந்தது அது, மாற்றிப் பார்க்க ஏகப்பட்ட இடம். நமக்கு டின்னை மாற்றுவதோடு சரி. ஆனாலும் இரண்டு பக்கமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வேகம் சீராக இருக்கிறதா, அட்டையில் எவ்வளவு சிதறுகிறது?

வேகத்தை அளப்பது குரோனோகிராப். இரண்டு ஒளி உணரிகள். முதல் உணரியின் மேல் குண்டின் நிழல் விழும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும். இடைவெளி 30 செ.மீ. என்றால் நொடிக்கு 150 மீட்டர் போகும் பெல்லட்டுக்கு 2 மில்லி நொடி ஆகும். வேகம் 1 மீட்டர் கூடினால் அந்த நேரத்தில் 13 மைக்ரோ நொடிதான் குறையும். அவ்வளவு நுணுக்கமான கருவி எங்கள் தாழ்வாரத்தில் 90 என்றது, 240 என்றது, ஒருமுறை ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஏர் சிலிண்டரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் தலைக்கு மேல் டியூப்லைட்! நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பைக் கருவி நிழல் என்று எண்ணிக்கொண்டது. விளக்கை அணைத்து முற்ற வெளிச்சத்தில் வைத்ததும் ஒழுங்காகப் பேசியது.

சரி, வேகம் மாறினால் என்ன ஆகும்? 150 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்க 0.067 நொடி. அதற்குள் புவியீர்ப்பு பெல்லட்டை 22 மி.மீ. கீழே இழுத்துவிடும். வேகம் 147 ஆனால் 23 மி.மீ. கூட்டிக் கழித்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தோட்டா நிரப்புகிறவர்களுக்கு வேகம் வேறு விதத்தில் முக்கியம். நிஜத் தோட்டாவால் கைத்துப்பாக்கி சுடும் ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டியில் நடுவர்களே தோட்டாவைச் சோதிப்பார்கள். குண்டின் எடையை கிரெயின் என்ற அலகிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். வராவிட்டால் அவர் சுட்டதற்கு மதிப்பெண் கிடையாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-ஐத் தாண்டியதும் மூட்டை திரும்புகிற கதைதான்.

எடையையும் விடவில்லை. கடைத்தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் தராசு மில்லிகிராம் வரை காட்டும். “தங்கம் நிறுத்த தராசுல ஈயமா?” என்று முகம் சுளித்தார். அப்புறம் அவரே சுவாரஸ்யமாகி இருபது பெல்லட்டை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வைத்தார். பெரும்பாலும் அரை கிராமை ஒட்டியே நின்றன. பாவாடை நசுங்கியிருந்த இரண்டை அவர்தான் கண்டுபிடித்தார், தராசால் இல்லை, கண்ணால். என்னைக் கேட்டால் ஒவ்வொன்றாக நிறுப்பதைவிட அதுதான் உருப்படியான சோதனை.

இப்போது எங்கள் கணக்குக்கு வருகிறேன். விதை நெல்லின் முளைப்பைப் பார்க்க ஈரச் சாக்கில் நூறு விதை போடுவார்கள். ஐந்து விதை போட்டு ஐந்தும் முளைத்துவிட்டது, எல்லாம் நல்ல விதை என்று யாராவது நாற்றங்காலுக்குக் கிளம்பினால் சிரிப்பார்கள். ஏனென்றால் நூற்றுக்கு எண்பதுதான் முளைக்கும் விதையில்கூட, ஐந்தும் முளைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. நாங்கள் சுட்டதும் ஐந்துதான். ஒரே டின்னில் ஐந்து ஐந்தாகச் சுட்டுக்கொண்டே போனால் ஒரு அட்டையில் கடலை, இன்னொன்றில் புளியங்கொட்டை என்று வருவது சகஜம்.

அளந்த விதத்திலும் கோளாறு. அதிகம் விலகிய இரண்டு ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தைத்தான் எல்லோரும் அளக்கிறார்கள். மற்ற மூன்றும் எங்கே விழுந்தன என்பது கணக்கிலேயே வராது. சுடச் சுட இந்த அளவு வளரவும் செய்யும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் திட்ட விலக்கம் (ஓட்டைகள் நடுவிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 3 சுட்டால் 2.4 மி.மீ., 5 சுட்டால் 3.1, 10 சுட்டால் 3.8. எல்லா ஓட்டைகளுக்கும் நடு மையம் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி என்று சராசரி எடுப்பது மேல். டின் மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். குழலுக்குள் படிந்த பழைய ஈயம் மாறி நிலைக்க அவகாசம் தேவை.

இத்தனை பாடும் எதற்கு என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், அதன் மையம் 8 மி.மீ. வரை விலகலாம். கையின் சிதறலும் பெல்லட்டின் சிதறலும் அப்படியே கூட்டலாகச் சேராது, இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கை 6 மி.மீ., பெல்லட் 1 மி.மீ. என்றால் மொத்தம் 6.1. மோசமான டின் எடுத்து பெல்லட் 2 மி.மீ. ஆனாலும் 6.3 தான். பழகுகிற பெண்ணுக்கு எந்த டின்னும் ஒன்றுதான். ஆனால் இறுதிச் சுற்றில் தசமத்தில் எண்ணுவார்கள், அங்கே 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 எடுத்து, 0.1 புள்ளியில் வெள்ளிக்கான சுற்றைத் தவறவிட்டு வெண்கலம் வென்றார். அந்த உயரத்தில் நிற்பவர்கள் லாட் லாட்டாகச் சோதித்து வாங்குவதில் ஆச்சரியமில்லை.

மறுநாள் ஒழுங்காகச் செய்தோம். வீட்டிலிருந்த மூன்று டின்னிலிருந்து நாற்பது நாற்பதாக மூன்று டம்ளரில் போட்டு, எது எதில் என்பதை அண்ணி மட்டும் குறித்துவைத்துக்கொண்டார். வைஸில் ஒரு டம்ளர் கொஞ்சம் முந்தியது. கையால் சுட்டபோது அண்ணன் மகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிரித்துப் பார்த்தால் முந்தியது நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த பழைய விலை மலிவு டின்.

கொண்டைக்கடலை போட்ட அந்த முதல் டின்னையும் சேர்த்திருக்கலாம். அதன் அடியில் ஒட்டியிருந்த லாட் எண் வேறு, புதிதாக வந்த பத்தின் எண் வேறு. இடைப்பட்ட நாளில் அதைப் பயிற்சிக்கே சுட்டுத் தீர்த்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன், மிச்சம் பதினொன்று.