"கொப்பியில எழுதுவீங்களோ டொக்டர்?": முன்னாள் போராளிகளும் மனநலப் பதிவுகளும்

முன்னாள் போராளி ஒருவர் மனநலக் கிளினிக்குக்கு வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் மருந்தைப் பற்றி இருக்காது. "இதைக் கொப்பியில எழுதுவீங்களோ டொக்டர்?" என்றுதான் கேட்பார். நோயாளி தன் கையிலேயே வைத்திருக்கும் கிளினிக் கொப்பியைத்தான் சொல்கிறார். எழுதினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் அண்ணை என்று கேட்டால், வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போன கதை வரும், வேலைக்கு விண்ணப்பம் போட்ட கதை வரும், மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற கதையும் வரும்.

இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு புலிகள் இயக்கத்தில் இருந்த பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள், வெளியே வந்த பிறகும் பலரை விசாரணை விடவில்லை. ஆனால் பதிவு இல்லாமல் போவதால் உயிர் போகிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒருவருடைய கதையாக இல்லாமல், பலருக்கு நடந்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். உயிரை மாய்க்க முயன்ற ஒருவர் வவுனியாவில் வாட்டில் இருந்து தேறி, பிறகு காணி கிடைத்துப் புதுக்குடியிருப்புப் பக்கம் குடும்பத்தோடு போகிறார். அங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் நித்திரை வருவதில்லை என்று மட்டும் சொல்கிறார். முன்பக்கம் கிழித்த கொப்பிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்: மருந்தின் பெயர் இருக்கும், அந்த மருந்தை ஏன் தொடங்கினார்கள் என்று எழுதிய தாள் மட்டும் நூலோடு ஒரு கீற்றாக நிற்கும். புதிய டொக்டருக்கு முந்தைய முயற்சியும் தெரியாது, தலையில் பட்ட காயமும் தெரியாது, ஒரு மாத மருந்தை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். தெரிந்திருந்தால் கிழமைக்குக் கிழமை கொடுத்திருப்பார், அதையும் மனைவியின் பொறுப்பில் வைத்திருப்பார். வாட்டில் இருந்து வீட்டுக்குப் போன முதல் சில கிழமைகளும் மாதங்களும்தான் மிகவும் ஆபத்தான காலம் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும், அந்த நேரம் பார்த்துத்தான் தகவலும் அறுந்து போகிறது.

அமெரிக்காவிலும் இதே அறுபடல் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட முன்னாள் படையினர் தற்கொலையால் இறக்கிறார்கள். படையில் இருக்கும்போது மருத்துவப் பதிவு பாதுகாப்புத் திணைக்களத்திடம், விலகிய பிறகு முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்திடம். இரண்டுக்கும் ஒரே கணினி முறையை உருவாக்கும் திட்டத்தை 2013இல் கைவிட்டு, பிறகு ஒரே நிறுவனத்தின் மென்பொருளையே இரு திணைக்களங்களும் தனித்தனியாக வாங்கின, முன்னாள் படையினர் பக்கம் அது 2020இல் தொடங்கியது, பல கோளாறுகளால் அதைப் புதிய இடங்களுக்குக் கொண்டுபோவது 2023இல் நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வளவு பணம் இருந்தும் இந்த நிலை. படையில் இருக்கிறவர் மேலதிகாரிக்குக் காரணம் சொல்லாமலே மனநல உதவி கேட்பதற்கு 2021இல் பிரண்டன் சட்டம் என்று ஒன்றைத் தனியாகக் கொண்டுவர வேண்டியும் வந்தது, ஏனென்றால் தெரிந்துவிடும் என்ற பயம் அங்கேயும் வாயை மூட வைக்கிறது.

ஆனால் அந்த முறையை அப்படியே வன்னிக்குக் கொண்டுவர முடியாது. அங்கே போருக்கு அனுப்பிய அரசுதான் பதிவையும் வைத்திருக்கிறது. இங்கே ஒரு முன்னாள் போராளியைப் பற்றிய கோப்பு, அவர் எதிர்த்துப் போரிட்ட தரப்பின் கையில் இருக்கிறது. அதனால் பெரிய கணினிக்குள் எல்லாவற்றையும் கொட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. கிளினிக்கில் இருந்து கிளினிக்குக்கு மட்டும், அவருடைய சம்மதத்தோடு, அவர் கையாலேயே போகிற ஒரு பக்கக் கடிதம் போதும்.

அந்தக் கடிதத்தில் என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு அளவு, முன்பு முயற்சி நடந்ததா, எப்போது, நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது இருக்க வேண்டும். எந்தப் படையணி, எந்தக் களம், யார் பொறுப்பாளர், புனர்வாழ்வு இலக்கம் என்ன என்பதெல்லாம் எந்த மருத்துவருக்கும் தேவையில்லை. "2009இல் தலையில் காயம், உள்ளே துண்டு இருக்கிறது" என்றால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எழுதியதை அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டுகிறேன், வேண்டாம் என்று சொல்கிற வரியைப் பற்றிக் கதைத்து முடிவெடுக்கிறோம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் ஒருவருக்குச் சொல்வேன், அந்த ஒருவர் யார் என்று முதலே நீங்களே சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் பலர் வாய் திறக்கிறார்கள்.

உதவித் திட்டம் என்று சொல்லி முன்னாள் போராளிகளின் பெயர்ப் பட்டியல் எடுத்து, அதில் மனநலப் பிரச்சினைக்கு ஒரு நிரலும் போடுகிறவர்களிடம் மன்றாட்டமாகக் கேட்கிறேன், அந்த நிரலை எடுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்தோடு கையாள வேண்டிய வகையில்தான் வைத்திருக்கிறது.

குடும்பங்களுக்கு ஒரு விடயம். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இல் இருந்து குற்றமில்லை. பொலிஸ், வழக்கு என்று பயந்து "தெரியாமல் நடந்தது" என்று ஆஸ்பத்திரியில் சொல்லாதீர்கள், அந்த ஒரு பொய் அவருடைய பதிவு முழுவதையும் பிழையாக்கிவிடும். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேளுங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இரவு பகல் எந்த நேரமும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

இடம் மாறப் போகிறீர்கள் என்றால் மருந்து முடியும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளிலேயே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கையில் வைத்திருக்கப் பயமாக இருந்தால் புதிய இடத்து டொக்டருக்கு நேராக ரெலிபோனில் சொல்லச் சொல்லுங்கள்.